முதல் பிக்கை வைத்துக்கொள்வதா, விற்பதா?

2023 ஜனவரி 8, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் பிளேஆஃபுக்கு முந்தைய கடைசி ஞாயிறு. இண்டியானாபொலிஸில் ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. ஹூஸ்டன் டெக்சன்ஸ் 24-31 என்று பின்தங்கியிருக்கிறது. நான்காவது முயற்சி, அதாவது கடைசி முயற்சி. இன்னும் 20 யார்டு வேண்டும். டேவிஸ் மில்ஸ் தூக்கி வீசிய பந்தை ஜோர்டன் ஏகின்ஸ் எல்லைக்கோட்டுக்கு அப்பால், எண்ட் ஸோனில் பிடிக்கிறார். ஆறு புள்ளி, 30-31. ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்து கூடுதல் நேரத்துக்குப் போகலாம். ஆனால் பயிற்சியாளர் லவ்வி ஸ்மித் இரண்டு புள்ளிக்குப் போகச் சொல்கிறார். பந்து மறுபடியும் ஏகின்ஸ் கையில். 32-31.

அந்த வெற்றியால் டெக்சன்ஸின் கையை விட்டுப் போனது, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் அடுத்த டிராஃப்டின் முதல் இடம். அன்றிரவே ஸ்மித்தின் வேலையும் போயிற்று. முதல் இடம் யாருக்குப் போனது? அதே ஸ்மித் முன்பு ஒன்பது சீசன் பயிற்சியாளராக இருந்த சிகாகோ பேர்ஸுக்கு. 3 வெற்றி, 14 தோல்வி என்று சீசனை முடித்த அணி அது. மறுநாளிலிருந்து பேர்ஸ் ரசிகர்கள் நடுவே ஒரே பேச்சுதான்: இந்த பிக்கை, அதாவது முதலில் எடுக்கும் முறையை, வைத்துக்கொள்வதா, விற்பதா?

ஒவ்வொரு வருடமும் மார்ச், ஏப்ரலில் ஏதோ ஓர் அணிக்கு இந்தக் கேள்வி வருகிறது. அமெரிக்கக் கால்பந்தைப் பின்தொடரத் தொடங்கிய நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு டிராஃப்ட் கொஞ்சம் புதிராக இருக்கும். இங்கே ஏலம் கிடையாது. 32 அணிகள், ஏழு சுற்றுகள். போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும், சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்த அணி கடைசியில் எடுக்கும். கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரரை எந்த அணி எடுக்கிறதோ, அங்கேதான் அவர் ஆட வேண்டும். தன் முறையை வேறோர் அணிக்கு விற்கலாம். விலை பணத்தில் இல்லை, அந்த அணியின் பிக்குகளில், சில சமயம் ஆட்டக்காரர்களில்.

## முதலில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஒன்று, நம்மிடம் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர், இருக்கிறாரா? இந்தக் கேள்விக்கே பாதி எடை. தாக்குதலில் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் அவர் கை வழியாகத்தான் போகிறது. 2011க்குப் பிறகு இதில் பணக்கணக்கும் சேர்ந்துவிட்டது. 2010இல் முதலில் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 5 கோடி உத்தரவாதம். அடுத்த ஆண்டே புதுமுகச் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. 2011இன் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். இன்றைய நிலவரத்தையும் பாருங்கள்: 2024இல் டாக் பிரெஸ்காட்டின் புது ஒப்பந்தம் ஆண்டுக்கு 6 கோடி டாலர். அதே ஆண்டு முதல் பிக்காக வந்த கேலப் வில்லியம்ஸுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே 4 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல குவாட்டர்பேக் புதுமுகச் சம்பளத்தில் ஆடும் அந்தச் சில ஆண்டுகளில், மிச்சமாகும் பணத்தில் ஒரு முழு அணியைக் கட்டலாம்.

இரண்டு, அணியில் எத்தனை ஓட்டை? ஒரே ஓர் ஆளால் நிமிரக்கூடிய அணியா, எட்டு இடத்தில் ஆள் தேவைப்படும் அணியா?

மூன்று, வாங்கும் அணி அடுத்த ஆண்டு எவ்வளவு மோசமாக ஆடும்? விலையில் பெரும்பாலும் வருங்கால முதல் சுற்று பிக்குகள் இருக்கும். அவை எந்த எண்ணில் விழும் என்பது வாங்கியவர் தோற்பதையும் ஜெயிப்பதையும் பொறுத்தது. இதைத்தான் பலர் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள்.

நான்கு, நம் கண்ணை நாமே எவ்வளவு நம்பலாம்? பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் டிராஃப்டை ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவர் அடுத்தடுத்துத் தேர்வானால், முன்னால் போனவர் பின்னால் போனவரைவிட நன்றாக வரும் வாய்ப்பு சுமார் 52 சதவீதம்தான் என்று கண்டார்கள். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். ‘இவர்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம்’ என்று ஓர் அணி சொல்லும்போது இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

## வைத்துக்கொண்டு எடுப்பது

இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 1998இல் முதல் பிக்கை வைத்துக்கொண்டு பேட்டன் மேனிங்கை எடுத்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த அணிக்குக் குவாட்டர்பேக் கவலையே இல்லை. சின்சினாட்டி பெங்கால்ஸ் 2020இல் ஜோ பர்ரோவை எடுத்தது. அவருடைய இரண்டாவது சீசனிலேயே சூப்பர் பௌலுக்குப் போனது. இந்த இரண்டு பிக்கையும் விற்றிருந்தால் எத்தனை பிக் வந்திருந்தாலும் ஈடாகியிருக்காது.

மறுபக்கமும் இருக்கிறது. மேனிங்குக்கு அடுத்து, இரண்டாவதாகப் போன ரயன் லீஃப், சான் டியேகோவில் ஊன்றவே இல்லை. 2007இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் முதலில் எடுத்த ஜமார்கஸ் ரஸ்ஸல் மூன்றே சீசனில் வெளியே போனார்.

இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாத செலவு சம்பளம் இல்லை. காத்திருப்புதான். முதல் பிக்காக ஒரு குவாட்டர்பேக்கை எடுத்துவிட்டால், அவர் தேறுவாரா மாட்டாரா என்று தெரிய இரண்டு மூன்று சீசன் ஆகும். அதுவரை அணி வேறு குவாட்டர்பேக்கைத் தேடாது. தேறாவிட்டால் அந்த ஆண்டுகள் போனதுதான். இன்னொன்று, முன்னால் நின்று காக்கும் லைன் பலவீனமாக இருந்தால் பிள்ளை அடிபட்டே கெட்டுப்போகும். வில்லியம்ஸ் முதல் சீசனில் 68 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். இருந்தும் 3,541 யார்டு எறிந்து, எறிந்ததில் 6 பந்தை மட்டுமே எதிரணி பிடிக்கக் கொடுத்தது அவருடைய திறமை. எல்லாரும் அப்படித் தாங்கமாட்டார்கள்.

உங்களிடம் குவாட்டர்பேக் இல்லை, வரிசையில் ஒருவர் இருக்கிறார், உங்கள் ஆட்கள் அவரை உண்மையாகவே நம்புகிறார்கள் என்றால் இதைத்தான் செய்ய வேண்டும். எவ்வளவு விலை சொன்னாலும் விற்கக் கூடாது என்பேன். மற்ற இடத்து ஆட்டக்காரர் என்றால் நான் அவ்வளவு பிடிவாதமாக இருக்க மாட்டேன். மைல்ஸ் காரட் போல ஒருவர், 2017இல் க்ளீவ்லேண்ட் முதலில் எடுத்தவர், எப்போதாவதுதான் வருவார்.

## இரண்டு மூன்று படி மட்டும் இறங்குவது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. 2018 மார்ச்சில் கோல்ட்ஸிடம் 3ஆவது பிக் இருந்தது. குவாட்டர்பேக்காக ஆண்ட்ரூ லக் இருந்தார். நியூயார்க் ஜெட்ஸுக்கோ குவாட்டர்பேக் அவசரமாகத் தேவை. கோல்ட்ஸ் 3இலிருந்து 6க்கு இறங்கியது. பதிலுக்கு அந்த ஆண்டின் 37, 49 ஆகிய இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளும், மறு ஆண்டின் இரண்டாம் சுற்று பிக்கும் கிடைத்தன. ஜெட்ஸ் எடுத்தது சாம் டார்னல்டை. மூன்று சீசனில் அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டது. கோல்ட்ஸ் 6இல் எடுத்த குவென்டன் நெல்சன் லைனில் நின்று காக்கும் கார்ட்; முதல் மூன்று சீசனும் ஆல்-ப்ரோ என்ற, ஆண்டின் சிறந்தவர்கள் பட்டியலில் முதல் அணியில் இடம்பிடித்தார். 37இல் எடுத்த பிரேடன் ஸ்மித் லைனின் வலது பக்கத்தைப் பல ஆண்டுகள் தாங்கினார். மூன்று படி இறங்கியதற்கு இவ்வளவு.

இது ஏன் வேலை செய்கிறது? வாங்க வருகிறவர் குவாட்டர்பேக்குக்காக வருகிறார். உங்களுக்கு வேண்டியவர் வேறு இடத்து ஆள். உங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று அணிகள் குவாட்டர்பேக்குகளை எடுக்க எடுக்க, உங்கள் ஆள் தானாகவே உங்களிடம் இறங்கி வருகிறார்.

ஆபத்து இல்லாமலும் இல்லை. பேர்ஸே 2023இல் இதற்கு உதாரணம். முதல் பிக்கைக் கரோலினாவுக்கு விற்ற பெரிய டிரேடில் கிடைத்த 9ஆவது பிக்கிலிருந்து ஒரே ஒரு படி இறங்கி 10க்குப் போனார்கள். ஃபிலடெல்ஃபியா அதற்கு மறு ஆண்டின் நான்காம் சுற்று பிக் ஒன்றைக் கொடுத்தது. 9இல் ஃபிலடெல்ஃபியா எடுத்தது ஜேலன் கார்ட்டரை. தடுப்பாட்டத்தின் நடுவில் நின்று எதிரணி லைனைப் பிளக்கிற அவர், இரண்டாவது சீசனிலேயே சூப்பர் பௌல் ஜெயித்த அணியில் இருந்தார். பேர்ஸ் எடுத்த டார்னல் ரைட், லைனின் ஓரத்தில் நின்று காக்கும் நல்ல டேக்கிள், குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு படி இறங்குவதற்கும் ஒரு விலை உண்டு என்பது அதில் தெரிகிறது.

குவாட்டர்பேக் இருக்கிற அணிக்கு, வரிசையின் உச்சியில் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் நாலைந்து பேர் இருக்கிற ஆண்டில், இதைவிட நல்ல வழி இல்லை.

## பெரிய டிரேட்: பல படி இறங்கி, வருங்கால பிக்குகளை வாங்குவது

விலை பேசும்போது எல்லார் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸில் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவானது. முதல் பிக்குக்கு 3,000 புள்ளி, இரண்டாவதுக்கு 2,600, ஐந்தாவதுக்கு 1,700, பதினாறாவதுக்கு 1,000. இன்று அணிகள் தங்கள் சொந்தப் பட்டியல்களை வைத்திருக்கின்றன. இருந்தாலும் பேச்சு இதில்தான் தொடங்கும். அடுத்த ஆண்டு பிக் என்றால் ஒரு சுற்று குறைத்து மதிப்பிடுவது வழக்கம்: அடுத்த ஆண்டின் முதல் சுற்று, இந்த ஆண்டின் இரண்டாம் சுற்றுக்குச் சமம். கண்ணால் பார்க்காத பொருளுக்குத் தள்ளுபடி, அவ்வளவுதான். பெரிய லாபமும் பெரிய ஏமாற்றமும் வருவது இந்தத் தள்ளுபடியில்தான். உச்சி பிக்கை விற்ற ஐந்து அணிகளுக்கு அந்த ‘கண்ணால் பார்க்காத’ முதல் சுற்று பிக்குகள் கடைசியில் எங்கே விழுந்தன என்று பாருங்கள்:

| விற்ற அணி | ஆண்டு | விற்ற பிக் | வாங்கிய அணி | யாருக்காக | வருங்கால முதல் சுற்று பிக் விழுந்த இடம் |
|---|---|---|---|---|---|
| செயின்ட் லூயிஸ் ராம்ஸ் | 2012 | 2 | வாஷிங்டன் | ராபர்ட் கிரிஃபின் | 22, 2 |
| டென்னசி டைட்டன்ஸ் | 2016 | 1 | லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் | ஜாரட் காஃப் | 5 |
| க்ளீவ்லேண்ட் பிரவுன்ஸ் | 2016 | 2 | ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் | கார்சன் வென்ட்ஸ் | 12 |
| மயாமி டால்ஃபின்ஸ் | 2021 | 3 | சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் | ட்ரே லான்ஸ் | 29, 29 |
| சிகாகோ பேர்ஸ் | 2023 | 1 | கரோலினா பேந்தர்ஸ் | பிரைஸ் யங் | 1 |

வாக்குறுதி எல்லா ஒப்பந்தத்திலும் ஒன்றுதான்: ‘எங்கள் அடுத்த முதல் சுற்று பிக் உங்களுக்கு.’ சான் ஃபிரான்சிஸ்கோ நல்ல அணி. லான்ஸ் தேறாமல் போயும் அது ஜெயித்துக்கொண்டே இருந்தது, அதனால் மயாமிக்கு இரண்டு முறையும் 29. கரோலினா மோசமான அணி; சிகாகோவுக்கு 1. விற்க வேண்டுமென்றால் பலவீனமான அணிக்கு விற்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். இன்னொருவர் இரண்டு பிக் அதிகம் கொடுத்தாலும் சரி.

ஆனால் நல்ல விலைக்கு விற்பது பாதி வேலைதான். 2014 டிசம்பர் 7, வாஷிங்டன் அணியின் மைதானம். ராம்ஸ் விருந்தாளி. நாணயம் சுண்டுவதற்கு அணித் தலைவர்களை அனுப்ப வேண்டும். ராம்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் ஆறு பேரை அனுப்பினார்: பிராக்கர்ஸ், ஜென்கின்ஸ், ஓகில்ட்ரீ, பெய்லி, ஸ்டேசி, ராபின்சன். ஆறு பேரும் கிரிஃபின் டிரேடில் கிடைத்த பிக்குகளால் அணிக்கு வந்தவர்கள். கிரிஃபின் அன்று ஆட்டத்தைத் தொடங்கவே இல்லை. அதற்குள் அவர் பெஞ்சுக்குப் போயிருந்தார். ராம்ஸ் 24-0 என்று ஜெயித்தது. டிரேடில் யார் ஜெயித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டாம்.

ஆனால் அந்த ராம்ஸ் 2012 முதல் 2016 வரை ஒரு சீசனைக்கூட வெற்றிக் கணக்கில் முடிக்கவில்லை. ஆறு நல்ல, நடுத்தர ஆட்டக்காரர்கள் வந்தார்கள், குவாட்டர்பேக் வரவில்லை. வாஷிங்டனிடமிருந்து கிடைத்த விலைகளில் உயர்ந்தது 2014இன் 2ஆவது பிக். அதில் எடுத்த கிரெக் ராபின்சன் சோபிக்கவில்லை. கடைசியில் 2016இல், லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்மாறிய அதே ராம்ஸ், தானே விலை கொடுத்து முதல் இடத்துக்கு ஏறி காஃபை எடுத்தது. அவரோடு 2018 சீசனில் சூப்பர் பௌல் வரை போனது. வாங்குகிறவர் எப்போதும் ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம்.

அந்த 2016 டிரேடில் விற்ற டைட்டன்ஸின் கதைதான் நான் எல்லாருக்கும் காட்டும் மாதிரி. அவர்களிடம் மார்கஸ் மரியோட்டா என்ற இளம் குவாட்டர்பேக் இருந்தார். அணி 3-13 என்று முடித்திருந்தது; ஓட்டைகள் நிறைய. கிடைத்ததில் 45ஆவது பிக்கில் டெரிக் ஹென்ரியை எடுத்தார்கள். அவர் 2020இல் ஒரே சீசனில் 2,000 யார்டுக்கு மேல் ஓடினார். கிடைத்த வேறு பிக்குகளைக் கொடுத்து 8ஆவது இடத்துக்கு ஏறி ஜாக் காங்க்லினையும் எடுத்தார்கள். அந்த சீசனே 9-7.

அதே ஆண்டு, அதே மாதிரி டிரேட் செய்த க்ளீவ்லேண்டைப் பாருங்கள். இறங்கி, மறுபடி இறங்கி, 2016இல் மட்டும் 14 பேரை டிராஃப்டில் எடுத்தார்கள். அந்த சீசன் 1-15. அடுத்தது 0-16. பிக்குகள் குவிந்தன, அவற்றை ஆட்டக்காரர்களாக மாற்றத் தெரியவில்லை. இந்த வழியின் மறைவான செலவு இங்கேதான் இருக்கிறது. இளைஞர்கள் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பயிற்றுவிக்க வேண்டும், பொறுமையாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற ஜெனரல் மேனேஜரால் அதெல்லாம் முடியாது. வருங்கால பிக்கை வாங்கி வைத்துவிட்டு, அது வரும்போது வேறொருவர் அந்த நாற்காலியில் இருப்பார்.

குவாட்டர்பேக் இருக்கிறது, ஓட்டைகள் பல, நிர்வாகம் நிலையானது, வாங்க வருகிறவர் பலவீனமானவர். நான்கும் சேர்ந்தால் விற்றுவிடலாம். மூன்று இருந்தால் யோசிக்கலாம்.

## பிக்கைக் கொடுத்து வளர்ந்த ஆட்டக்காரரை வாங்குவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உச்சி பிக் கையில் இருக்கிற அணிக்கு இது ஏறக்குறைய எப்போதும் தவறு. 2021இல் ராம்ஸ் இரண்டு முதல் சுற்று பிக், ஒரு மூன்றாம் சுற்று பிக், கூடவே காஃபையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டை வாங்கியது. அந்த சீசனே சூப்பர் பௌல். ஆனால் அது ஏற்கெனவே நல்ல அணி. கொடுத்த முதல் சுற்று பிக்குகளில் ஒன்று வரிசையின் கடைசியில், 32இல் விழுந்தது; இன்னொன்று மட்டும் 6ஆவதாக விழுந்தது. 2022இல் டென்வர் 9ஆவது பிக்கையும் இன்னும் பலவற்றையும் சியாட்டிலுக்குக் கொடுத்து குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை வாங்கியது. முதல் சீசன் 5-12. அதனால் கொடுத்திருந்த மறு ஆண்டு பிக் 5ஆவதாக விழுந்தது, சியாட்டில் அதில் டெவன் விதர்ஸ்பூனை எடுத்தது. 2024இல் டென்வர் வில்சனை விடுவித்தபோது, ஆடாத ஆளுக்காக 8.5 கோடி டாலர் சம்பளக் கணக்கில் ஏறியது. பலவீனமான அணி வளர்ந்த நட்சத்திரத்தை வாங்கினால் விலை இரண்டு முறை போகிறது: பிக்காக ஒரு முறை, சம்பளமாக ஒரு முறை.

## பேர்ஸ் சொன்ன இரண்டு பதில்கள்

சரி, 2023க்குத் திரும்புவோம். மார்ச் 10ஆம் தேதி பேர்ஸ் ஜெனரல் மேனேஜர் ரயன் போல்ஸ் முதல் பிக்கைக் கரோலினாவுக்கு விற்றார். கிடைத்தவை: 9, 61 ஆகிய பிக்குகள், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, அப்புறம் டி.ஜே. மூர் என்ற, பந்தைப் பிடிக்கும் ரிசீவர். பட்டியலின்படி 9க்கு 1,350 புள்ளி, 61க்கு 292. மொத்தம் 1,642, கொடுத்ததோ 3,000. மிச்சமெல்லாம் மூரும் நம்பிக்கையும். மூர் அந்த சீசனே 1,364 யார்டு பிடித்தார்.

விற்றதற்குக் காரணம், குவாட்டர்பேக்காக ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் இருக்கிறார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறிவிட்டது. ஒரே ஆண்டில், 2024 மார்ச்சில், நிபந்தனையோடு கூடிய ஓர் ஆறாம் சுற்று பிக்குக்கு ஃபீல்ட்ஸ் பிட்ஸ்பர்குக்குப் போனார். கரோலினா முதலில் யங்கை எடுத்தது. ஹூஸ்டன் இரண்டாவதாக சி.ஜே. ஸ்ட்ரௌடை எடுத்தது, 3-13-1 (கடைசி எண் சமனான ஆட்டம்) ஆக இருந்த அணி அவரோடு 10-7 என்று ஏறி, பிளேஆஃபிலும் ஓர் ஆட்டம் ஜெயித்தது. பேர்ஸ் முதல் பிக்கை வைத்திருந்தால் ஸ்ட்ரௌட் அவர்களுடையவர் ஆகியிருக்கலாம். முதல் கேள்விக்கு பேர்ஸ் சொன்னது தவறான பதில்.

அவர்களைக் காப்பாற்றியது மூன்றாவது கேள்வி. கரோலினா அந்த சீசன் 2-15. தலைமைப் பயிற்சியாளரை நவம்பரிலேயே அனுப்பிவிட்டது. இரண்டாம் சுற்று மதிப்பு என்று கணக்கிட்ட பிக், 2024இன் முதல் பிக்காக வந்து நின்றது. யங்கைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுற்றி ஆள் இல்லாத அணியில், மூரையும் கொடுத்துவிட்டு அவரை வாங்கினார்கள். 2024இல் இரண்டே ஆட்டத்தில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். திரும்பி வந்தபோது நன்றாகவே ஆடினார்.

ஆக, மறுபடியும் முதல் பிக், அதே மேனேஜர், அதே கேள்வி. அணியில் ஓட்டைகள் அப்போதும் இருந்தன. ஆனால் குவாட்டர்பேக் இல்லை, வரிசையில் வில்லியம்ஸ் இருந்தார். இந்த முறை விற்கவில்லை. சீசன் 5-12 என்று முடிந்தது, நடுவில் பயிற்சியாளரும் போனார். இருந்தாலும் என்னைக் கேட்டால் 2024இன் முடிவுதான் சரியான கேள்வியிலிருந்து தொடங்கிய முடிவு. 2023இல் பேர்ஸுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். அதை இன்னோர் அணி பாடமாக எடுத்துக்கொண்டு, கைக்கு எட்டும் குவாட்டர்பேக்கை விட்டுவிட்டு ‘நமக்கும் கரோலினா ஒன்று கிடைக்கும்’ என்று காத்திருக்கக் கூடாது.

அந்த டிரேடின் கடைசித் தவணை வர இன்னும் ஒரு வருடம் ஆனது. 2025 டிராஃப்ட் நடந்தது க்ரீன் பேயில், பேர்ஸின் பரம எதிரியான பேக்கர்ஸின் ஊரில். இரண்டாம் சுற்று, 39ஆவது பிக், கரோலினா 2023இல் எழுதிக்கொடுத்தது. மிசூரி பல்கலைக்கழகத்தின் லூதர் பர்டன் பெயரைச் சொன்னார்கள். வில்லியம்ஸின் பந்தைப் பிடிக்க இன்னொரு ரிசீவர்.